லண்டனில் மியூசிகல் பார்ப்பது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் புதுக்கோட்டைப் பெண். 2023 செப்டம்பரில் முதுகலைப் படிக்க லண்டன் வந்தேன். வந்த ஆறாவது வாரம் ஒரு மியூசிகல் பார்த்தேன். அன்றிலிருந்து இதுவரை 34 முறை அரங்குக்குள் போய் உட்கார்ந்திருக்கிறேன். அதில் பல, ஒரே நாடகத்தைத் திரும்பப் பார்த்தவை. என் அம்மா, சித்தி பிள்ளைகள், கல்லூரித் தோழிகள், புதிதாக இங்கே படிக்க வருகிறவர்கள் என்று எல்லோரும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மியூசிகல் என்றால் என்ன? ஓபராவா, நம்ம ஊர் நாடகம் மாதிரியா?

பேச்சு, பாட்டு, ஆட்டம் மூன்றும் சேர்ந்து ஒரே கதையை நகர்த்திக்கொண்டு போனால் அது மியூசிகல். நம் சினிமாவில் பாட்டு வந்தால் கதை பெரும்பாலும் ஓரமாக நின்று காத்திருக்கும். நல்ல மியூசிகலில் கதையே பாட்டுக்குள்தான் நடக்கும். பாட்டு தொடங்கும்போது ஒருத்தி வீட்டை விட்டுப் போவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருப்பாள், முடியும்போது வாசலைத் தாண்டியிருப்பாள். ஓபராவில் பாடகர்கள் பொதுவாக மைக் இல்லாமல் பாடுவார்கள். மியூசிகலில் நெற்றியோரம் முடிக்குள் ஒரு சின்ன மைக் ஒளிந்திருக்கும். பொட்டு அளவுதான் இருக்கும்.

நமக்கு இது புதிய சமாச்சாரம் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் புதுக்கோட்டை, மதுரைப் பக்கத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கின்றன. மேடையோரம் ஆர்மோனியம், மிருதங்கம், முதலில் பபூன், அப்புறம் கதை. நான் கண் விழித்துப் பார்த்து வளர்ந்தது அதைத்தான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் தனித்தனியாக ஒப்புக்கொண்டு வந்து, பல சமயம் அன்றிரவுதான் மேடையில் சந்திப்பார்கள். நாரதரும் வள்ளியும் செய்கிற தர்க்கம் ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் ஒவ்வொரு அடியும் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து முடிவு செய்யப்பட்டது. அதையே வாரத்துக்கு எட்டுக் காட்சி நடத்துகிறார்கள். இது கட்டுப்பாடு, அது துணிச்சல். எனக்கு இரண்டும் வேண்டும்.

நீ முதலில் பார்த்தது எது?

'லே மிசெராப்'. ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் சாண்ட்ஹைம் தியேட்டர். 25 பவுண்டு டிக்கெட், மூன்றாவது மாடியான அப்பர் சர்க்கிள், தனியாகப் போனேன். முன்னால் இருந்த இரும்புக் கம்பி மேடையின் கீழ்ப்பகுதியைக் குறுக்கே வெட்டியது. முதல் பத்து நிமிடம் அந்தக் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அது இருந்ததே நினைவில்லை.

ஒரு ரொட்டி திருடியதில் தொடங்கி, தப்பிக்க முயன்றதற்கெல்லாம் சேர்த்து 19 வருடம் சிறையில் கிடந்த ழான் வல்ழான் வெளியே வருகிறான். ஒரு பாதிரியார் சோறு போட்டுப் படுக்க இடம் தருகிறார். அவன் அவருடைய வெள்ளிப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்து வருகிறது. "நான்தான் கொடுத்தேன், இந்த மெழுகுவர்த்தித் தண்டுகளை மறந்துவிட்டாயே" என்று அவர் அதையும் சேர்த்துக் கொடுக்கிறார். இவ்வளவும் முதல் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஏறக்குறைய முழு நாடகமும் பாட்டு. இடைவேளைக்கு முந்தைய பாட்டில் காதலர்கள், மாணவர்கள், போலீஸ் அதிகாரி, திருட்டு விடுதிக்காரர் எல்லோரும் மறுநாளைப் பற்றி அவரவர் மெட்டில் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு அன்று பாதிகூடப் புரியவில்லை. ஆனால் விளக்கு வந்தபோது எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் பாதியில் வல்ழான் தூங்குகிற ஒரு பையனுக்காகக் கடவுளிடம் வேண்டுகிறான். உச்ச ஸ்தாயியில், மிக மெல்லப் பாட வேண்டிய பாட்டு. ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு இருமல் இல்லை. ஒரு மனிதக் குரலுக்காக அத்தனை பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

இரவு அறைக்கு வந்ததும் தாத்தாவுக்கு போன் செய்து கதையைச் சொன்னேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. பாதிரியார் கட்டம் வந்ததுமே, "ஏழை படும் பாடு! நாகையா நடிச்சது" என்றார். விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கினார். அதை வைத்து 1950இல் வந்த படம் அது. துரத்திக்கொண்டே வரும் அதிகாரி ழாவேராக நடித்தவருக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டு, கடைசிவரை ஜாவர் சீதாராமன் ஆனார். அந்தப் பெயரைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது ஒரு பிரெஞ்சுக் கதைக்குள்ளிருந்து வந்த பெயர் என்று அன்றுதான் தெரிந்தது. தாத்தா டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்த கதையைத்தான் நான் மூன்றாவது மாடியில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

அது பிரெஞ்சுப் புரட்சிக் கதைதானே?

இல்லை. 1789 புரட்சி வேறு. நாடகத்தில் மாணவர்கள் தடுப்பரண் கட்டிச் சண்டையிடுவது 1832 ஜூனில் பாரிஸில் நடந்த கிளர்ச்சி. இரண்டே நாளில் ஒடுக்கப்பட்டுவிட்டது. இது தெரிந்து போனால், அந்த மாணவர்கள் கொடியைத் தூக்கும்போதே நெஞ்சு கனக்கும்.

இன்னொன்று. பாரிஸில் 1980இல் பிறந்த நாடகம் இது. லண்டன் வடிவம் 1985 அக்டோபர் 8 அன்று பார்பிகன் அரங்கில் தொடங்கியது. விமர்சகர்கள் பலருக்கு அப்போது பிடிக்கவில்லை. இன்று லண்டனின் நாடக அரங்குகள் நிறைந்த பகுதியான வெஸ்ட் எண்டில் மிக நீண்ட காலம் ஓடிக்கொண்டிருக்கும் மியூசிகல் அதுதான். பழைய ரசிகர்கள் 'சுழலும் மேடை' பற்றி உங்களிடம் ஏக்கத்தோடு பேசுவார்கள். 2019 டிசம்பரில் சாண்ட்ஹைம் அரங்கைப் புதுப்பித்துத் திறந்தபோது புது வடிவம் வந்தது, சுழலும் மேடை போய்விட்டது. இப்போது பின்திரையில் ஹியூகோவே வரைந்த ஓவியங்களை ஒட்டிய காட்சிகள் விழுகின்றன. அந்த மங்கிய பழுப்பு நிறம் எனக்கு மிகவும் பிடிக்கும். பழையதை நான் பார்த்ததில்லை என்பதில் வருத்தமும் உண்டு.

மாணவர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

ஆகும், கொஞ்சம் பொறுமை இருந்தால். இதைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு: ஒரு முறை 125 பவுண்டு கொடுத்துப் பார்ப்பதைவிட, 25 பவுண்டு வீதம் ஐந்து முறை பாருங்கள். நல்ல இருக்கையால் கிடைக்கும் சந்தோஷம் பெரியதுதான். ஆனால் ஒரே ஒரு முறை பார்த்தால் நாடகத்தை 'முடித்துவிட்டோம்' என்று தோன்றிவிடும். ஐந்து முறை போனால்தான் ஒவ்வொரு இரவும் வேறு என்பது தெரியும்.

நான் செய்வது இதுதான். டுடேடிக்ஸ் செயலியில் அன்றைய காட்சிக்கான குறைந்த விலை டிக்கெட்டுகளைக் காலையில் விடுவார்கள். 'ரஷ்' என்று பெயர். பல நாடகங்களுக்குப் பத்து மணி. வகுப்பில் இருந்தால் இடைவேளை கேட்டு வெளியே போய்விடுவேன், ஏனென்றால் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். சில நாடகங்களுக்குக் குலுக்கல் உண்டு. விக்டோரியா பேலஸ் அரங்கில் நடக்கும் 'ஹாமில்டன்' மியூசிகலின் குலுக்கலில் விழுந்தால் 10 பவுண்டுதான். எனக்கு ஏழு மாதம் விழவில்லை. எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தது. நூலகத்தில் உட்கார்ந்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

லெஸ்டர் சதுக்கத்தில் டி.கே.டி.எஸ். என்ற கூண்டுக் கடை இருக்கிறது. தள்ளுபடி டிக்கெட் அங்கே நேரில் வாங்கலாம். அரங்கத்தின் சொந்தக் கவுன்ட்டருக்குப் போய் "இன்றைக்குக் குறைந்த விலையில் என்ன இருக்கிறது?" என்று கேட்பதும் நல்ல வழி. இருக்கையின் குறை நிறையை அவர்கள் நேர்மையாகச் சொல்வார்கள். சனிக்கிழமை இரவைத் தவிருங்கள், வார நாட்கள் மலிவு. உங்களுக்கு 16 முதல் 25 வயது என்றால் நேஷனல் தியேட்டரில் தனிச் சலுகை உண்டு. உடனே பதிவு செய்துகொள்ளுங்கள், 26 ஆனால் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டாவது நாடகத்துக்கு, தேடலில் முதலில் வந்த ஒரு இணையதளத்தில் வாங்கினேன். அரங்கத்தின் தளம் போலவே இருந்தது. 62 பவுண்டு கட்டினேன். டிக்கெட் கைக்கு வந்தபோது அச்சிட்டிருந்த விலை 35. அந்த மாதம் மிச்ச நாளெல்லாம் ரசம் சோறுதான். அரங்கத்தின் பெயரையும் முகவரியையும் சரிபார்த்து, அவர்கள் தளத்திலிருந்தே உள்ளே போங்கள்.

எந்த இடத்தில் உட்காரலாம்?

தரைத்தளம் ஸ்டால்ஸ். அதற்கு மேல் டிரெஸ் சர்க்கிள் அல்லது ராயல் சர்க்கிள், அதற்கும் மேல் அப்பர் அல்லது கிராண்ட் சர்க்கிள், சில இடங்களில் உச்சியில் பால்கனி. ஸ்டால்ஸ் என்றாலே உசத்தி என்று நினைக்க வேண்டாம். ஸ்டால்ஸ் கடைசி வரிசைகளில் மேல்மாடி தலைக்கு மேல் கவிந்திருக்கும், மேடையின் உச்சியில் நடப்பது தெரியாது. குழு நடனத்தின் வடிவம் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டால்ஸுக்குச் செலவு செய்தே ஆக வேண்டிய ஒன்று, லைசியம் தியேட்டரில் 1999 முதல் ஓடும் 'தி லயன் கிங்'. தொடக்கப் பாட்டில் மிருகங்கள் பார்வையாளர் நடைபாதை வழியாகத்தான் மேடைக்கு வரும். நடைபாதை ஓரம் கிடைத்தால் யானை உங்கள் தோளை உரசிக்கொண்டு போகும்.

பெரும்பாலான அரங்குகள் நூறு வருடத்துக்கு மேல் பழையவை. சாண்ட்ஹைம் 1907இல் கட்டியது. 1940இல் குண்டு விழுந்து, 1959இல்தான் மறுபடி திறந்தது. அதனால் படிகள் செங்குத்து, கால் நீட்ட இடம் குறைவு. முட்டி வலி உள்ளவர்களை அழைத்துப் போவதானால் முன்பே அரங்குக்குப் பேசி, படி இல்லாத வழி எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே உட்கார்ந்தால் ஒரு லாபம் உண்டு, இசைக்குழுவின் பள்ளம் தெரியும். இடைவேளையில் எட்டிப் பாருங்கள். அப்படியே திரும்பி மாடிக் கைப்பிடிச் சுவரின் முகப்பைப் பார்த்தால் சின்னத் திரை ஒன்று இருக்கும். அதில் இசை நடத்துநரின் கைகள் தெரியும். நடிகர்கள் நம்மைப் பார்த்துப் பாடுவதாக நாம் நினைப்போம், ஒரு கண் அந்தத் திரையில் இருக்கும்.

ஆங்கிலப் பாட்டு வேகமாக இருக்குமே, புரியுமா?

கதைச் சுருக்கத்தைக் கட்டாயம் படித்துவிட்டுப் போங்கள். முழுவதும் பாட்டாகவே போகும் நாடகங்களுக்கு, பாடல் பதிவையும் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டுப் போவது நல்லது. 'ஹாமில்டன்' அமெரிக்க அரசியல் வரலாற்றை ராப்பில் சொல்கிறது. நான் பாட்டு வரிகளை ஒரு வாரம் பேருந்தில் படித்துக்கொண்டே போனேன். எல்லாம் தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. காதுக்குப் பழகிய பாட்டு கண்ணெதிரே ஒருவர் வாயிலிருந்து வரும்போது வேறு உயிராக வருகிறது.

வரிகளை மேடையோரத் திரையில் எழுத்தாகக் காட்டும் காட்சிகளும் அவ்வப்போது உண்டு. காது கேளாதவர்களுக்காக வைத்தது. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள என் தோழி ஒருத்திக்கும் அது பெரிய உதவியாக இருந்தது.

முக்கிய நடிகர் அன்று வராவிட்டால் ஏமாற்றம்தானே?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதில் மனம் மாறியவள்.

வாரத்துக்கு எட்டுக் காட்சி என்றால் தொண்டை கெடும், கால் பிசகும், விடுப்பும் வேண்டும். அதனால் ஒவ்வொரு பெரிய வேடத்துக்கும் மாற்று நடிகர்கள் இருப்பார்கள். 'அண்டர்ஸ்டடி' என்பவர் தினமும் கூட்டத்தில் ஒருவராக நடித்துக்கொண்டே பெரிய வேடத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். 'ஸ்விங்' என்பவர் வேலை இன்னும் கஷ்டம். அவர் பெரும்பாலான நாட்கள் மேடைக்கே வர மாட்டார். ஆனால் குழுவில் ஐந்தாறு பேர், சில சமயம் அதற்கும் மேல், ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார், எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறார், யாரோடு சேர்ந்து மேசையைத் தூக்குகிறார் என்பது அத்தனையும் அவர் தலைக்குள் இருக்கும். மாலை ஐந்து மணிக்குத் தகவல் வரும், ஏழரைக்கு மேடையில் நிற்பார்.

மூன்றாவது முறை 'லே மிசெராப்' போனபோது, முகப்பில் இருந்த பலகையில் வல்ழானாக மாற்று நடிகர் என்று போட்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற தம்பதி முகம் வாடிப் பேசிக்கொண்டார்கள். எனக்கும் வாடியது. முதல் காட்சியில் அவர் குரல் லேசாக நடுங்கியது. பாதிரியார் கட்டம் முடிவதற்குள் நடுக்கம் நின்றுவிட்டது. அந்த வேண்டுதல் பாட்டின் கடைசி உச்ச ஸ்வரத்தை அவர் முந்தைய இருவரைவிட நீளமாக, நூல் போல மெல்லியதாகப் பிடித்தார். முடிந்ததும் ஒரு கணம் நிசப்தம், அப்புறம் கைதட்டலில் அரங்கமே இடிந்தது. பள்ளத்திலிருந்த இசை நடத்துநர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்துச் சிரித்தார். எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அதே தம்பதி எழுந்து நின்று கைதட்டினார்கள். வழக்கமாக நடிக்கிறவர் அன்றாடம் செய்வதை, இவர் எத்தனை நாள் காத்திருந்து செய்கிறார்! அந்த இரவை எந்த நட்சத்திரத்துக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்போதெல்லாம் பலகையில் மாற்று நடிகர் பெயர் இருந்தால் அதைப் படித்து நினைவில் வைத்துக்கொண்டு, கடைசி வணக்கத்தின்போது அவருக்காக எழுந்து நிற்கிறேன்.

என்ன உடுத்த? என்ன சாப்பிட?

எது வேண்டுமானாலும் உடுத்தலாம். நான் ஜீன்ஸிலும் போயிருக்கிறேன், பொங்கலன்று பட்டுப்பாவாடையிலும் போயிருக்கிறேன். ஈஸ்ட் ஹாமில் வீட்டருகே இட்லி சாப்பிட்டுவிட்டு டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறி எம்பாங்க்மென்ட்டில் இறங்கி நடப்பது என் வழக்கம். இடைவேளையில் சின்ன டப்பாவில் ஐஸ்கிரீம் விற்பார்கள், குட்டிக் கரண்டி மூடிக்குள் இருக்கும். விலை அதிகம்தான். ஆனாலும் அது இல்லாமல் எனக்கு இடைவேளை நிறையாது.

விசில் அடிக்கலாமா? கூடப் பாடலாமா? போனில் எடுக்கலாமா?

பாட்டு முடிந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் கைதட்டுங்கள், கத்துங்கள். நடுவில் கூடப் பாடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் மாதக்கணக்கில் பணம் சேர்த்து வந்திருக்கலாம். போனை அணைத்துவிடுங்கள். திரை வெளிச்சம் மேலிருந்து பார்த்தால் மின்மினி போலத் துல்லியமாகத் தெரியும், நடிகர்களுக்கும் தெரியும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளும் பாட்டுக் கச்சேரியில் போட்டி போடுவதாக அமைந்த 'சிக்ஸ்'. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர் எழுதி 2017இல் எடின்பரோ விழாவில் சின்னதாக மேடையேற்றியது. 80 நிமிடம், இடைவேளை இல்லை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடும் தொகுப்பை மட்டும் படம் பிடிக்கலாம். முதன்முதலாக மியூசிகல் பார்க்கிற கல்லூரித் தோழிகளை நான் இதற்குத்தான் அழைத்துப் போகிறேன்.

மேடையில் ஏதாவது தப்பு நடந்து பார்த்திருக்கிறாயா?

ஒரு முறை. அரங்கத்தின் பெயர் வேண்டாம். இரண்டாம் பாதியில், தாயை இழந்த மகள் தனியாகப் பாடிக்கொண்டிருந்தபோது, பின்னால் இறங்கி வர வேண்டிய ஒரு சுவர் பாதியில் சிக்கிக்கொண்டது. ஒலிபெருக்கியில் மேடை மேலாளரின் அமைதியான குரல் வந்தது. நடிகர்கள் வெளியேறினார்கள், திரை இறங்கியது. இருபது நிமிடம். யாரும் எழுந்து போகவில்லை. திரை ஏறியபோது அந்தப் பெண் பாட்டின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். முதல் தடவை எந்த வரியில் குரல் உடைந்ததோ அதே வரியில் மறுபடி உடைந்தது. அழுகையை இருபது நிமிடம் கையில் ஏந்தி வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்தது போல இருந்தது. நடிப்பு எவ்வளவு பெரிய உழைப்பு என்று அன்று கண்டேன்.

ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த மியூசிகலைப் பார்க்க முடியுமா?

வெஸ்ட் எண்டில் இப்போது இல்லை. 'பாம்பே டிரீம்ஸ்' 2002 ஜூனில் அப்பல்லோ விக்டோரியாவில் தொடங்கி இரண்டு வருடம் ஓடியது. பிரிட்டிஷ் மியூசிகல் இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் தயாரித்தார். 2004இல் நியூயார்க் பிராட்வேக்கும் போனது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மேடை வடிவத்துக்கு ரஹ்மான் ஃபின்லாந்தின் வார்ட்டினா இசைக்குழுவோடு சேர்ந்து இசையமைத்தார். 2006இல் டொரன்டோ, 2007இல் லண்டன் டிரூரி லேன் அரங்கு. அப்பல்லோ விக்டோரியாவில் 2006 முதல் 'விக்கெட்' (Wicked) என்ற மியூசிகல் நடக்கிறது. அதைப் பார்க்கப் போனபோது, திரை ஏறும் முன், இதே மேடையில் ரஹ்மானின் பாட்டு இரண்டு வருடம் ஒலித்தது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது நான் கைக்குழந்தை.

அம்மா அப்பா, குழந்தைகளோடு வந்தால் எதற்குப் போகலாம்?

என் அம்மா வந்தபோது 'தி லயன் கிங்' போனோம். ஒட்டகச்சிவிங்கி என்றால் கையிலும் காலிலும் கட்டைகள் கட்டி நடக்கிற ஒரு ஆள். நம் பொய்க்கால் குதிரைக்கு உறவுக்காரர் மாதிரி. இயக்குநர் ஜூலி டேமோர் ஆளை ஒளித்துவைக்கவில்லை. முகமூடி தலைக்கு மேல் இருக்கும், கீழே நடிகரின் முகமும் தெரியும். "மனுஷனும் தெரியுறான், மிருகமும் தெரியுது, எதைப் பாக்குறதுன்னே தெரியல" என்றார் அம்மா. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தொடக்கப் பாட்டு ஜூலு மொழியில்தான் ஆரம்பிக்கும். அந்த நிமிடம் அரங்கத்தில் இருந்த பெரும்பாலோரும் அம்மாவும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். அவர்தான் முதலில் அழுதார்.

பிள்ளைகளுக்குக் கேம்பிரிட்ஜ் தியேட்டரில் 'மாட்டில்டா'. ஊஞ்சல்கள் பார்வையாளர் தலைக்கு மேலே வரை ஆடும். ஆகஸ்டில் 'கிட்ஸ் வீக்' என்ற திட்டத்தில், பெரியவர் ஒருவர் முழு டிக்கெட் வாங்கினால் குழந்தை ஒன்றுக்கு இலவசம். ஜூனில் டிராஃபல்கர் சதுக்கத்தில் 'வெஸ்ட் எண்ட் லைவ்' நடக்கும். பல நாடகங்களிலிருந்தும் ஓரிரு பாட்டு, திறந்த வெளி, காசு கிடையாது. காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள், தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடிகர்களை நேரில் பார்க்கலாமா?

அரங்கத்தின் பக்கத்துச் சந்தில் 'ஸ்டேஜ் டோர்' என்ற வாசல் இருக்கும். முடிந்ததும் அங்கே நிற்கலாம். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். களைத்திருப்பார்கள், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கும். "நன்றாக இருந்தது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரியில் சொல்லுங்கள். ஒரு ஸ்விங் நடிகையிடம் "இரண்டாவது பாட்டில் இடது ஓரத்தில் நீங்கள் நின்றதைக் கவனித்தேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முடிவு தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அலுக்காதா?

லிரிக் தியேட்டரில் 'ஹேடஸ்டவுன்' பார்த்தால் இந்தக் கேள்வி வராது. கிரேக்கப் பழங்கதை. இறந்துபோன மனைவியைப் பாதாளத்திலிருந்து அழைத்துவர ஆர்ஃபியஸுக்கு அனுமதி கிடைக்கிறது. ஒரு நிபந்தனை: வெளியே வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் திரும்பிப் பார்த்துவிடுவான் என்பது இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக எல்லோருக்கும் தெரியும். இது சோகக் கதை என்று தொடக்கத்திலேயே சொல்லியும் விடுகிறார்கள். இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் அவன் தலை திரும்பியபோது அரங்கம் முழுக்க 'ஹா' என்று மூச்சு இழுத்தது, நானும்தான். இந்தத் தடவையாவது திரும்பாமல் போய்விடுவான் என்று எனக்குள் ஏதோ ஒன்று நிஜமாகவே நம்பியது. வள்ளி யாரைக் கட்டிக்கொள்வாள் என்று தெரியாதவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. ஆனாலும் விடியும்வரை பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள்.

அங்கே ஒன்ஸ்மோர் கேட்டால் திரும்பப் பாடுவார்களா?

இது தாத்தாவின் கேள்வி. நம் நாடகங்களில் பாட்டு பிடித்துவிட்டால் 'ஒன்ஸ்மோர்' என்று கத்துவார்கள், நடிகர் திரும்பப் பாடுவார். வெஸ்ட் எண்டில் அந்த வழக்கம் இல்லை, தாத்தா. கைதட்டல் எவ்வளவு நீண்டாலும் நடிகர் அசையாமல் அந்தப் பாத்திரமாகவே நிற்பார். ஓய்ந்ததும் அடுத்த வரி வரும். இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மறுபடி போய்த்தான் கேக்கணும்" என்றார். வருகிற வியாழக்கிழமை மதியக் காட்சிக்கு அப்பர் சர்க்கிளில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். முன்னால் கம்பி இருக்கும் அதே வரிசை.